ஆட்டோவில் செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை: ஏஎம்எஃப் பேனலில் எங்கே தேடுவது?

பம்ப்ரூம்

வணக்கம். 60 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், 1500 ஆர்பிஎம், 12 வோல்ட் செட். எஞ்சின் வெளியே ஷெட்டில் இருக்கிறது. மெயின்ஸ் போனதும் ஜெனரேட்டரைத் தானே ஓட்டும் ஏஎம்எஃப் பேனல் கட்டிடத்துக்குள், மெயின் போர்டு பக்கத்தில். நடுவில் கேபிள் 18 மீட்டர் ஓடுகிறது.

மெயின்ஸ் போனதும் கன்ட்ரோலர் ஸ்டார்ட் கொடுக்கிறது, செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. மூன்று தடவை அடித்துவிட்டு ‘ஃபெயில் டு ஸ்டார்ட்’ என்று காட்டி நின்றுவிடும். உடனே ஷெட்டுக்குப் போய் எஞ்சின் பக்கத்துச் சாவியைத் திருப்பினால் முதல் அடியில் பிடிக்கிறது. தினமும் இப்படி இல்லை, சில நாள் ஆட்டோவிலும் ஒழுங்காக ஓடும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட். கிராங்க் (செல்ஃப் சுற்றும் நேரம்) 5 வினாடி, இடைவெளி 5 வினாடி என்று செட்டிங் இருக்கிறது. கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

சாலினாய்டு

கன்ட்ரோலர் வேலை செய்யுது சார். மெயின்ஸ் போனதைப் பார்த்துச்சு, செல்ஃப் அடிச்சுச்சு, மூணு தடவை எண்ணுச்சு, அலாரமும் கொடுத்துச்சு. இதுக்கு மேல அது என்ன செய்யும்? சாவியில பிடிக்குதுன்னா டீசல், பம்ப், செல்ஃப், பேட்டரி எல்லாம் சரி. சாவிக்கும் பேனலுக்கும் வித்தியாசம் வயர் மட்டும்தான்.

முதல்ல உங்க ஃப்யூயல் சாலினாய்டு, அதாவது டீசலைத் திறந்து மூடுற மின்காந்தச் சுருள், எந்த வகைன்னு பாருங்க. கரண்ட் கொடுத்தா ஓடுற வகையா, கரண்ட் கொடுத்தா நிக்கிற வகையா? முதல் வகைன்னா, ஒரு ஆள் ஆட்டோ டெஸ்ட் போடட்டும், நீங்க ஷெட்டுல மீட்டரோட நில்லுங்க. கிராங்க் ஆகும்போது மூணு ரீடிங் வேணும்: பேட்டரி போஸ்ட்ல நேரா, பேனல்ல கன்ட்ரோலரோட சப்ளை டெர்மினல்ல, சாலினாய்டு டெர்மினலுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவுல. வயர் சைஸும் சொல்லுங்க.

பம்ப்ரூம்

கொடுத்தால் ஓடும் வகைதான். கிராங்கில் பேட்டரி போஸ்டில் 10.4, பேனலில் 8.9, சாலினாய்டில் 6.1 வோல்ட். பேட்டரியிலிருந்து பேனலுக்கு 2.5 சதுர மி.மீ., பேனலிலிருந்து சாலினாய்டுக்கு 1.5 சதுர மி.மீ. சாலினாய்டின் தண்டை இழுக்கும் சுருளின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.5 ஓம். செல்ஃபுக்கு மட்டும் எஞ்சின் பக்கம் ஏற்கெனவே ஒரு ரிலே இருக்கிறது.

சாலினாய்டு

இதோ ஆள் மாட்டிக்கிட்டான். கணக்கு போட்டுப் பார்க்கலாம். செம்பு வயருக்கு ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மி.மீ. தடிமனுக்கு 0.0175 ஓம்.

போற வழி, 2.5 சதுர மி.மீ., 18 மீட்டர்: 0.126 ஓம். வர்ற வழி, 1.5 சதுர மி.மீ., 18 மீட்டர்: 0.21 ஓம். சுருள் 0.5 ஓம். மொத்தம் 0.836. பேட்டரியில 10.4 வோல்ட் இருந்தா ஓடுற கரண்ட் 12.4 ஆம்பியர். சுருளுக்குக் கிடைக்கிறது 6.2 வோல்ட். நீங்க அளந்தது 6.1. பேனல்ல 8.8 வரணும், உங்களுக்கு 8.9. அதாவது லூஸ் கனெக்‌ஷன்கூட இல்லை, வயர் நீளமும் தடிமனும்தான் காரணம். 12 வோல்ட் சாலினாய்டு 6 வோல்ட்டுக்கு ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது. பேட்டரி அப்பதான் ஃபுல் சார்ஜ் ஆகியிருந்தா, எஞ்சின் சூடா இருந்தா பிடிச்சிடும். அதான் ‘சில நாள் சரியா ஓடுது’.

பேனல்ல 8.9 வோல்ட்ங்கிறதும் விளிம்புதான். நிறைய கன்ட்ரோலருக்கு சப்ளை 8 முதல் 35 வோல்ட்னு போட்டிருப்பாங்க. பேட்டரி இன்னும் கொஞ்சம் சோர்ந்தா கிராங்க் நடுவுல கன்ட்ரோலரே அணைஞ்சு திரும்ப எழும். அப்ப ‘கன்ட்ரோலர் போச்சு’ன்னு இன்னும் உறுதியா சொல்வாங்க.

செய்ய வேண்டியது: எஞ்சின் பக்கம் 40 ஆம்பியர் ரிலே ஒண்ணு வைங்க. காண்டாக்டுக்கு பாசிட்டிவை செல்ஃப் மோட்டாரோட தடிச்ச டெர்மினல்லேருந்து ஃபியூஸ் போட்டு 4 சதுர மி.மீ. வயர்ல எடுங்க. பழைய 1.5 வயர் இனிமே ரிலே சுருளுக்கு மட்டும். அது அரை ஆம்பியர்கூட இழுக்காது, 18 மீட்டர் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

கோண்டாக்ட்24

ரிலே சரி, சாலினாய்டின் தண்டையும் பாருங்கள். அந்தத் தண்டு (பிளஞ்சர்) கடைசி வரை உள்ளே போய் அமர வேண்டும். லிங்கேஜ் நீளம் சரியில்லாமல் இரண்டு மி.மீ. வெளியே நின்றாலும், உள்ளே சுவிட்ச் உள்ள வகையில் இழுக்கும் சுருள் கட் ஆகாது. பிடித்து வைக்கும் சுருள் ஒரு ஆம்பியர் அளவில் நாள் முழுக்கத் தாங்கும். இழுக்கும் சுருள் சில வினாடிகளுக்கு மட்டுமே சுற்றப்பட்டது, எரிந்துவிடும். மூன்று வயர் வகையாக இருந்தால் இழுக்கும் வயரை கிராங்க் வெளியீட்டிலும், பிடிக்கும் வயரை ஃப்யூயல் வெளியீட்டிலும் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்போது ரிலே இழுக்கும் வயருக்குத்தான் தேவை.

கிராங்க் 5 வினாடி மிகக் குறைவு. குளிரில் நிற்கும் எஞ்சினுக்கு, டீசல் லைனில் கொஞ்சம் காற்று இருந்தால், போதவே போதாது. அவசர ஜெனரேட்டர்களுக்கான அமெரிக்கத் தர விதி என்எஃப்பிஏ 110 சொல்வது 15 வினாடி கிராங்க், 15 வினாடி ஓய்வு, மூன்று முறை. பத்துக்குப் பத்து என்று வைத்தாலும் குறையில்லை. ஓய்வைக் குறைக்க வேண்டாம். பேட்டரி மீள்வதும் செல்ஃப் ஆறுவதும் அந்த இடைவெளியில்தான்.

ஹெர்ட்ஸ்50

கிராங்க் நேரத்தைக் கூட்டும் முன், கிராங்க் எதைப் பார்த்து நிற்கிறது என்பதைச் சரிபாருங்கள். எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் விடாமல் கடித்துக்கொண்டிருந்தால் பல்சக்கரமும் ஆர்மேச்சரும் போய்விடும்.

பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் ஃப்ரீக்வென்சிதான் முதல் சிக்னல்: 20 ஹெர்ட்ஸ் தாண்டினால் செல்ஃப் விடும். 4 போல் ஆல்டர்னேட்டரில் 1500 ஆர்பிஎம் என்பது 50 ஹெர்ட்ஸ், ஆக 20 ஹெர்ட்ஸ் என்றால் 600 ஆர்பிஎம். ஆனால் அந்த சென்சிங் லைனில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தால் கன்ட்ரோலருக்கு எஞ்சின் ஓடுவதே தெரியாது. நேரம் முடியும்வரை அடிக்கும், பிறகு ஓடும் எஞ்சினை ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று நிறுத்தும். அதனால் இரண்டாவது சிக்னல் ஒன்று அவசியம். ஆயில் பிரஷர் அல்லது சார்ஜிங் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ், எதுவானாலும் சரி. ஃப்ளைவீல் பல்லைப் பார்த்து வேகம் சொல்லும் மேக்னெட்டிக் பிக்கப் சென்சார் இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பொருத்தும்போது ஃப்ளைவீல் பல் ஒன்று துளைக்கு நேராக நிற்கட்டும். தொடும்வரை திருகி, அரை முதல் முக்கால் சுற்று பின்வாங்கி லாக் நட்டை இறுக்குங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே பள்ளத்தில் வைத்து அளந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பிக்கப்பின் மூக்கு உடையும்.

சார்ஜிங் ஆல்டர்னேட்டரின் சிக்னலை நம்புவதானால் எச்சரிக்கை விளக்கைக் கவனியுங்கள். அந்த விளக்கு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டல். 12 வோல்டில் 2.2 வாட் பல்ப் என்றால் சுமார் 180 மில்லி ஆம்பியர். அழகாக இருக்கட்டும் என்று எல்இடி மாற்றினால் 20 மில்லி ஆம்பியர்கூடப் போகாது, ஆல்டர்னேட்டர் எழாது. எல்இடிதான் வேண்டும் என்றால் பக்கத்தில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போடுங்கள். கன்ட்ரோலரே தூண்டல் கொடுக்கும் மாடல்களில் இது வேண்டாம்.

பம்ப்ரூம்

நன்றி. ரிலே போடுகிறேன். இன்னொன்று: ஆயில் பிரஷர் காட்டி ஓடும்போது 4.5 பார் காட்டுகிறது, எஞ்சினை நிறுத்திய பிறகும் 0.6 பார் காட்டிக்கொண்டே இருக்கிறது. அதிகமாகத்தானே காட்டுகிறது, ஆபத்தில்லை என்று விடலாமா?

ஆயில்பிரஷர்

விடக்கூடாது. இந்த இழையிலேயே பெரிய ஆபத்து இதுதான்.

பரவலாக உள்ள பிரஷர் சென்டர் (அளவை ஓம் மாற்றமாக அனுப்பும் சென்சார்) 10 முதல் 180 ஓம் வகை. பிரஷர் இல்லையென்றால் 10 ஓம், ஏற ஏற ஓம் கூடும். இப்போது கனெக்டரில் பச்சை பூத்து 20 ஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 5 பார் சென்டரில் அது சுமார் அரை பாராகத் தெரியும். உங்கள் 0.6 அப்படி வந்ததுதான். வெப்ப சென்டர் எதிர்த்திசை: சூடு ஏற ஏற ஓம் குறையும். அதன் வயரில் துரு பிடித்தால் எஞ்சின் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். இரண்டுமே கெடும்போது ‘எல்லாம் நலம்’ என்ற பக்கமாகத்தான் பொய் சொல்கின்றன. ஆயில் இல்லாமல் ஓடினாலும் கொஞ்சம் பிரஷர் தெரியும், கொதித்தாலும் சூடு குறைவாகத் தெரியும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஒற்றை வயர் சென்டருக்குத் திரும்பும் வழி எஞ்சின் பாடி. மரையில் வெள்ளை டேப் சுற்றி இறுக்கியிருந்தால் அந்த வழியில் ரெசிஸ்டன்ஸ் ஏறும். டேப்பை எடுத்துவிட்டு செம்பு வாஷருடன் போடுங்கள். அடுத்து எஞ்சின் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் பட்டை. அதற்கடுத்து, சென்டரின் திரும்பும் வழி கன்ட்ரோலரின் எந்த டெர்மினலில் முடிகிறது என்பது. சென்டர் காமன் என்று தனி டெர்மினல் இருந்தால் அதை எஞ்சின் பிளாக்குக்குத் தனி வயரில் கொண்டுபோக வேண்டும், பேனல் எர்த்தில் ஒட்டக்கூடாது.

இதனால்தான் நிறுத்தும் வேலையை சென்டர் ஒன்றிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை. தனியாக ஒரு பிரஷர் சுவிட்ச் வேண்டும், பிரஷர் இல்லாதபோது எர்த்துடன் சேரும் வகை. அதிலும் ஒரு ஓட்டை உண்டு: வயர் அறுந்துபோனால் ‘பிரஷர் குறைவு’ என்ற செய்தி வரவே வராது. அதைப் பிடிக்க எளிய வழி, எஞ்சின் நிற்கும்போது கன்ட்ரோலரின் இன்புட் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. ஆயில் பிரஷர் சுவிட்ச் அந்த நேரத்தில் ‘ஆக்டிவ்’ என்று காட்டியே ஆக வேண்டும். காட்டவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. நல்ல கன்ட்ரோலர்கள் ஸ்டார்ட்டுக்கு முன் இதைத் தாமே சோதிக்கும், அந்த ஆப்ஷனை அணைத்து வைக்காதீர்கள்.

ஓடும்போது சோதிக்க: லோடு இல்லாமல் ஓடவிட்டு, பிரஷர் சுவிட்ச் வயரைக் கழற்றி எஞ்சின் பாடியில் தொடுங்கள். ஓரிரு வினாடியில் நிற்க வேண்டும். பிறகு வெப்ப சுவிட்ச் வயருக்கும் அதே. ஸ்டார்ட்டான முதல் 8 முதல் 10 வினாடி இந்தப் பாதுகாப்பு தூங்கும், அதற்குள் தொட்டுவிட்டு ‘நிற்கவில்லையே’ என்று பதறாதீர்கள்.

கோண்டாக்ட்24

ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள எஞ்சினுக்கு இந்த சென்டர் கதை வேறு, எல்லாம் கேன் என்ற இரண்டு வயர் டேட்டா லைனில் வரும். அங்கே பார்க்க ஒன்றே ஒன்று: பவர் இல்லாதபோது இரண்டு வயருக்கும் நடுவே 60 ஓம். 120 என்றால் ஒரு முனை ரெசிஸ்டர் காணோம்.

சும்மாபார்வை

இடையில் நுழைகிறேன். எங்கள் பேனலில் மெயின்ஸ் நன்றாக இருக்கும்போதே ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி டீசல் தீரும்வரை ஓடுகிறது. இதுவும் வயரா?

ஹெர்ட்ஸ்50

பேனலில் மெயின்ஸ் சென்சிங் ஃபியூஸ் மூன்றையும் கழற்றி மீட்டரில் பாருங்கள். ஒன்று போனாலே கன்ட்ரோலருக்கு ஒரு ஃபேஸ் காணோம். ஃபியூஸ் சரி என்றால் ஃபேஸ் வரிசை: லைனில் யாராவது வேலை செய்து இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால், வரிசை சோதனை இயங்கும் கன்ட்ரோலர் மெயின்ஸை ஏற்காது. அப்படி என்றால் சோதனையை அணைக்காமல் லைனைச் சரிசெய்யுங்கள், மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுற்றும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரு ஃபேஸ் உண்மையிலேயே போயிருக்கும், ஜெனரேட்டர் எழாது. ஓடிக்கொண்டிருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டார் செத்த ஃபேஸில் தானே வோல்டேஜை உண்டாக்கும். அண்டர் வோல்டேஜ் 70 சதவீதத்தில் வைத்திருந்தால் கன்ட்ரோலர் அதை மெயின்ஸ் என்றே நம்பும், மோட்டார் இரண்டு ஃபேஸில் வெந்துகொண்டிருக்கும். மெயின்ஸ் போனதாகக் கொள்ள 85 சதவீதம், திரும்பியதாகக் கொள்ள 90க்கு மேல், கூடவே ஃபேஸ் சமநிலைச் சோதனையும் வேண்டும்.

பம்ப்ரூம்

டைமர் எல்லாம் எவ்வளவு வைக்கலாம்? இங்கே மெயின்ஸ் வந்து ஐந்து வினாடியில் மறுபடி போகும் பழக்கம் உண்டு.

கோண்டாக்ட்24

ஸ்டார்ட் தாமதம் 3 முதல் 5 வினாடி. ஒரு கண்சிமிட்டலுக்கு எஞ்சினை எழுப்ப வேண்டாம். வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் நிலைத்த பின் 5 முதல் 10 வினாடி வார்ம் அப், பிறகு லோடு. மெயின்ஸ் திரும்பும் தாமதம் சாதாரணமாக 2 நிமிடம், உங்கள் லைனுக்கு 5 நிமிடம். லோடு மெயின்ஸுக்குப் போன பிறகு எஞ்சின் 3 நிமிடம் சும்மா ஓடி ஆறட்டும், டர்போ இருந்தால் இது கட்டாயம். அந்த மூன்று நிமிடத்தில் மெயின்ஸ் மறுபடி போனால் கிராங்க் இல்லாமலே லோடு திரும்ப ஏறும். உங்கள் இடத்துக்கு இதுவே பெரிய லாபம்.

மெயின்ஸ், ஜெனரேட்டர் காண்டாக்டர்களில் (லோடை மாற்றும் மின்காந்த சுவிட்ச்) ஒன்று திறந்து மற்றது மூடும் இடைவெளியை மில்லி வினாடிகளில் வைப்பவர்கள் உண்டு. பம்ப் மோட்டார் சப்ளை போனபின்னும் சிறிது நேரம் சுற்றும், அதன் டெர்மினலில் வோல்டேஜ் மிச்சம் இருக்கும். அது வடிவதற்குள் ஃபேஸ் ஒத்துப்போகாத மற்றொரு சப்ளையைக் கொடுத்தால் ஷாஃப்டும் கப்ளிங்கும் அடி வாங்கும். 2 முதல் 3 வினாடி விடுங்கள்.

இரண்டு காண்டாக்டரும் ஒரே நேரத்தில் மூடாமல் தடுக்க மெக்கானிக்கல் இன்டர்லாக், எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் இரண்டும் இருக்க வேண்டும். மெயின்ஸ் காண்டாக்டர் முனை ஒட்டிக்கொண்டால் ஜெனரேட்டர் காண்டாக்டர் மூடாது, கன்ட்ரோலர் அலாரம் காட்டும். அப்போது இன்டர்லாக்கின் என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) காண்டாக்டைத் தாண்டி வயர் போட்டு ‘ஓட்டிவிடலாம்’ என்று நினைப்பது, ஜெனரேட்டரை நேரே மெயின்ஸோடு இணைப்பது. லைனில் வேலை செய்யும் ஆளின் உயிர் போகும்.

சாலினாய்டு

மெயின்ஸ், ஜெனரேட்டர் மாத்துற சேஞ்ச்ஓவர் மூணு போலா (ஃபேஸ் மட்டும்), நாலு போலா (நியூட்ரலும் சேர்த்து) மாத்துதுன்னும் பாருங்க. ஜெனரேட்டர் நியூட்ரலைத் தனியா எர்த் பண்ணியிருந்தா நாலு போல் வேணும். மூணு போல்ல விட்டா நியூட்ரல் கரண்ட் ரெண்டு வழியா பிரிஞ்சு ஓடி எர்த் லீக்கேஜ் பிரேக்கர் காரணமில்லாம தட்டும்.

டீசல்வாசம்

பராமரிப்பில் என் வழி: வாரா வாரம் லோடு இல்லாமல் 10 நிமிடம் ஆட்டோ டெஸ்ட். கன்ட்ரோலரிலேயே நேரம் வைத்துவிட்டால் போதும்.

ஆயில்பிரஷர்

அது மட்டும் போதாது, அளவு மீறினால் கெடுதலும் உண்டு. லோடு இல்லாத டீசல் எஞ்சினில் சூடு ஏறாது, எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாகக் கசியும், ரிங்கில் கரி ஏறும். மாதம் ஒருமுறை 30 நிமிடம், பெயர்ப்பலகை கிலோவாட்டில் 30 சதவீதமாவது லோடு. 60 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 48 கிலோவாட், ஆக 15 கிலோவாட்டுக்குக் குறையாமல்.

டீசல்வாசம்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் என்றால் பேட்டரி செத்தது 29 நாள் தெரியாமல் கிடக்கும். வாரம் 5 நிமிடம் லோடில்லாமல், மாதம் 30 நிமிடம் லோடுடன். மாத டெஸ்டை டெஸ்ட் பட்டனில் செய்யாதீர்கள், வரும் மெயின்ஸ் பிரேக்கரையே ஆஃப் செய்யுங்கள். பட்டன் மெயின்ஸ் சென்சிங்கைச் சோதிக்காது.

பேட்டரிக்கு, சும்மா இருக்கும் வோல்டேஜ் ஒன்றும் சொல்லாது. 12.7 காட்டிவிட்டு கிராங்கில் 8க்கு விழும் பேட்டரி நிறைய. கிராங்கில் 9.6க்குக் கீழே போனால் மாற்றும் நேரம். ஃப்ளோட் சார்ஜர் 13.5 முதல் 13.8 வோல்ட். அதன் 230 வோல்ட் சப்ளை லோடு பக்கத்து பஸ்பாரில் இருந்து வரட்டும், மெயின்ஸிலும் ஜெனரேட்டரிலும் உயிரோடு இருக்கும். சார்ஜர் ஃபெயில் அலாரம் கன்ட்ரோலரில் சேர்த்திருக்கிறதா பாருங்கள், பெரும்பாலான பேனலில் அந்த வயர் சுருட்டிக் கட்டிக் கிடக்கும்.

கோண்டாக்ட்24

வேலை தொடங்கும்போது ஸ்டாப் மோடு, எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தி, சார்ஜரை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆட்டோவில் இருக்கும் எஞ்சின் முன்னறிவிப்பு இல்லாமல் சுற்றும். முடிக்கும்போது தலைகீழாக: நெகட்டிவ், சார்ஜர், எமர்ஜென்சி ஸ்டாப், ஜெனரேட்டர் பிரேக்கர் ஆன், கடைசியாக ஆட்டோ. சர்வீஸ் முடிந்த மறுநாள் ஸ்டார்ட் ஆகாத செட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஐந்தும்தான். ‘ஆட்டோவில் இல்லை’ என்ற அலாரம் வெளியே ஒரு விளக்கில் தெரியும்படி வையுங்கள்.

அலாரத்தை ரீசெட் செய்யும் முன் நிகழ்வுப் பதிவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் கடிகாரமும் சரியாக ஓடட்டும்; தேதி தவறிய பதிவை எந்த மின்வெட்டோடும் பொருத்த முடியாது.

பம்ப்ரூம்

ரிலே போட்டாயிற்று. கிராங்கில் சாலினாய்டில் 9.9, பேனலில் 10.2 வோல்ட். மெயின்ஸ் பிரேக்கரை அணைத்துப் பார்த்தேன், முதல் கிராங்கிலேயே பிடிக்கிறது. சென்டர் மரையில் டேப் இருந்தது, எடுத்தபின் நிற்கும்போது பிரஷர் சைபர். ஆனால் எஞ்சின் நிற்கும் நொடியில் கன்ட்ரோலர் திரை ஒருமுறை அணைந்து எரிகிறது. இது முன்பு இல்லை.

சாலினாய்டு

சுருளுக்கு டயோடு போடலையா? சாலினாய்டு கட் ஆகும்போது சுருள்லேருந்து எதிர்த்திசைல வோல்டேஜ் உதைக்கும், அது புது ரிலே காண்டாக்டுக்கும் நல்லதில்லை. ரிலே சுருள் குறுக்கே 1 ஆம்பியர் டயோடு, சாலினாய்டு குறுக்கே 6 ஆம்பியர் டயோடு. கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மாத்திப் போட்டா ஷார்ட் ஆகும். அதோட கன்ட்ரோலர் நெகட்டிவ் வயரையும் பாருங்க, ரிலே நெகட்டிவோட ஒரே லக்குல சேர்த்திருந்தா பிரிச்சு, பேட்டரி போஸ்டுக்குத் தனியா கொண்டு போங்க.